அடுப்பேறாத பேய்கள்: ஹாலோவீன் தின்பண்டங்களும் குழந்தைகளின் கைவேலையும்

ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் இரவில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளில் ஹாலோவீன் விழா கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பேய், வௌவால், சிலந்தி, எலும்புக்கூடு, துணி சுற்றிய மம்மி ஆகிய உருவங்களில் தின்பண்டங்கள் செய்வது, குறிப்பாக அமெரிக்க வீடுகளில், வேரூன்றிய வழக்கமாகும். இவற்றுள் ஓவனில் வைத்துச் சுடாமல் செய்யப்படுபவை 'நோ-பேக்' பண்டங்கள் எனத் தனி வகையாகப் பேசப்படுகின்றன. குழந்தைகளுடன் சேர்ந்து செய்வதற்கு ஏற்றவை என்று சமையல் நூல்களும் இதழ்களும் பரிந்துரைப்பவை பெரும்பாலும் இவையே. பரிந்துரைக்குச் சொல்லப்படும் காரணம் எளிமை. அந்த எளிமை சமைக்கும் பெரியவருக்கு உரியதா, உடன் நிற்கும் குழந்தைக்கு உரியதா என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. இவ்வகைப் பண்டங்களின் வரலாறு, செய்முறை, அவற்றின் பேயுருவம் குழந்தை மனத்தில் நிகழ்த்துவது, உணவுப் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் அந்த ஒரு கேள்வியைக் கொண்டே மதிப்பிடுவது பொருத்தமாகும்.

கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் வேளையில் கொண்டாடிய சவின் என்னும் பழைய விழாவும், நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவர் பெருவிழா, நவம்பர் 2ஆம் நாள் இறந்த விசுவாசிகள் நினைவு நாள் ஆகிய கிறித்தவத் திருநாள்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவானதே ஹாலோவீன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று, இறந்தோரின் ஆன்மாவுக்காக மன்றாடுவதாகச் சொல்லி 'ஆன்ம அப்பம்' எனப்பட்ட சிறு அப்பங்களைப் பெற்றனர். அயர்லாந்தில் உலர்திராட்சை சேர்த்த 'பார்ம்பிராக்' ரொட்டிக்குள் மோதிரம் ஒன்றை ஒளித்து வைத்துச் சுடுவதும், அது எவர் துண்டில் கிடைக்கிறதோ அவருக்கு விரைவில் திருமணம் என்று நம்புவதும் வழக்கம். இவ்விரு பண்டங்களும் நெருப்பில் வெந்தவை, பெரியவர் கையால் ஆனவை. குழந்தை அவற்றைப் பெற மட்டுமே செய்தது.

1845ஆம் ஆண்டில் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தை அடுத்து லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோது, ஸ்காட்லாந்து மக்களோடு அவர்களும் இவ்வழக்கங்களை வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய கைகள் அங்கே எளிதில் கிடைத்த பரங்கிக்காயைக் குடையலாயின. முகமூடி அணிந்த குழந்தைகள் கதவைத் தட்டி, இனிப்பு தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று மிரட்டிப் பண்டம் பெறும் 'டிரிக் ஆர் டிரீட்' வழக்கம் கனடிய நாளிதழ்களில் 1910களின் இறுதியிலும் 1920களிலும் பதிவாகத் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 1942 முதல் 1947 வரை சர்க்கரை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டதால் அவ்வழக்கம் தளர்ந்து, பங்கீடு நீங்கியபின் முன்னிலும் பெரிதாகப் பரவியது. அப்போதும் பல வீடுகளில் வாசலுக்கு வந்த குழந்தைகளுக்குக் கிடைத்தவை வீட்டில் செய்த சோளப்பொரி உருண்டையும், சர்க்கரைப்பாகில் தோய்த்த ஆப்பிளும், பிஸ்கட்டும்தாம்.

வீட்டுப் பண்டத்தை வாசலிலிருந்து விரட்டியது அச்சம். 1974ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தந்தை காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் மகனுக்கே இனிப்பில் சயனைடு கலந்து கொடுத்துக் கொன்றதும், 1982ஆம் ஆண்டு சிகாகோ வட்டாரத்தில் கடைகளில் விற்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்ததும், முன்பின் அறியாதவர் தரும் பண்டத்தில் நஞ்சோ சவர அலகோ இருக்கும் என்ற பேச்சை நாடெங்கும் உறுதிப்படுத்தின. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், ஜெரால்டு ஹோரியுச்சி இருவரும் 1958 முதலான செய்திப் பதிவுகளை ஆராய்ந்து 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அந்நியர் வாசலில் கொடுத்த பண்டத்தால் ஒரு குழந்தையாவது இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதி செய்யப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை என்று காட்டினர். ஆயினும் வழக்கம் மீளவில்லை. ஆலை உறையிட்ட சாக்லேட்டே வாசலுக்கு உரியது என்றாகிவிட, வீட்டில் செய்யும் பண்டம் சமையலறைக்குள்ளும் குடும்ப விருந்துக்குள்ளும் ஒதுங்கியது. இந்த ஒதுக்கத்தில் ஒரு நன்மையும் விளைந்தது: ஊராருக்குக் கொடுப்பதற்கான பண்டத்தில் தேவைப்பட்ட அளவும் அழகும், வீட்டார் மட்டுமே உண்ணும் பண்டத்துக்குத் தேவையில்லை. கோணல்மாணலான பேய்க்கு இடம் கிடைத்தது. அதைச் செய்யும் குழந்தைக்கும் இடம் கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டியாகவே நடத்தப்படும் 'அடுப்பில்லாச் சமையல்' என்பது நெருப்பே தொடாத சமையலைக் குறிக்கும். அமெரிக்கச் சமையல் நூல்களின் 'நோ-பேக்' அவ்வளவு கண்டிப்பானதன்று. ஓவனில் சுடவில்லை என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. உருக்குவதும், காய்ச்சுவதும், மைக்ரோவேவில் சூடாக்குவதும் அதற்குள் அடங்கும். இவ்வகையின் புகழ்பெற்ற பண்டமான 'ரைஸ் கிரிஸ்பீஸ் டிரீட்ஸ்' இதற்குத் தக்க சான்று. மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் நகரில் இருந்த கெலாக் நிறுவனத்தின் பணியாளர்களான மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் இருவரும் 1939ஆம் ஆண்டு 'கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்' என்னும் சிறுமியர் அமைப்பின் நிதி திரட்டலுக்காக உருவாக்கியது அது. மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 280 கிராம் மார்ஷ்மெல்லோவை உருக்கி, ஆறு கப் அரிசிப்பொரியைக் கொட்டிக் கிளறித் தட்டில் அழுத்தி ஆறவிடுவதுதான் செய்முறை; நம் பொரி உருண்டையில் வெல்லப்பாகு செய்யும் வேலையை அங்கே மார்ஷ்மெல்லோ செய்கிறது என்றால் விளங்கும். பச்சை நிறம் சேர்த்தால் அது அரக்கன் தலை, வெள்ளையாகவே விட்டால் பேய். ஆனால் உருகிய மார்ஷ்மெல்லோ சர்க்கரைப்பாகுக்கு உரிய குணத்தோடு தோலில் ஒட்டிக்கொண்டு சுடக்கூடியது. ஆகவே அடுப்பருகே நிற்பவர் பெரியவர், கொட்டிக் கிளறுபவரும் பெரியவர், கண்ணாக இரண்டு மிட்டாயை ஒட்டுவது மட்டுமே ஐந்து வயதுக் குழந்தையின் பங்கு.

சூட்டை அளவுகோலாகக் கொண்டால் இப்பண்டங்கள் மூன்று நிலைகளில் அமைவது புலப்படும். முதல் நிலையில் சூடு அறவே இல்லை: உரித்த வாழைப்பழத்தைக் குறுக்கே பாதியாக்கி நிமிர்த்தி வைத்து, சாக்லேட் துணுக்குகளைக் கண்ணாகவும் வாயாகவும் பதித்தால் பேய், உரித்த கமலா ஆரஞ்சின் உச்சியில் செலரித் தண்டின் சிறு துண்டைச் செருகினால் பரங்கிக்காய், ஆப்பிள் துண்டுகள் இரண்டுக்கு நடுவே நிலக்கடலை வெண்ணெய் தடவிப் பல்வரிசை அமைத்தால் பூதத்தின் வாய். சாக்லேட் புட்டிங்கை ஒரு குவளையில் நிரப்பி, பொடித்த கறுப்பு பிஸ்கட்டை மண்ணாகத் தூவி, ஜெல்லிப் புழுக்களை அதில் புதைக்கும் 'மண் குவளை'யும், புட்டிங்கைக் கடையில் வாங்கினால் இந்நிலையைச் சேர்ந்ததே. இரண்டாம் நிலையில் சூடு உண்டு, ஆனால் பெரியவர் அதை முன்பே முடித்துவிடலாம்: ஓட்ஸ், பேரீச்சை, கோகோ சேர்ந்த கலவையை ஆறவைத்துக் கொடுத்துவிட்டால் குழந்தை உருட்டிச் சிலந்தியாக்கி, ப்ரெட்சல் குச்சிகளைக் காலாகச் செருகலாம். மூன்றாம் நிலையில் சூடான பொருளோடு வேலை செய்தாக வேண்டும். உருகிய வெள்ளைச் சாக்லேட்டில் பிஸ்கட்டைத் தோய்த்துப் பேயாக்குவதும், அதையே மெல்லிய கோடுகளாக ஊற்றி மம்மியின் துணிச்சுற்று ஆக்குவதும் இத்தகையவை. இதழ்களின் வண்ணப் படங்களை நிறைப்பவை பெரும்பாலும் மூன்றாம் நிலையினவே. குழந்தைக்கு மிகக் குறைந்த வேலை தருபவையும் அவையே.

மூன்றாம் நிலையின் சிக்கல் பொருளின் இயல்பிலேயே உள்ளது. சாக்லேட்டுக்கு மினுமினுப்பையும் மொறுமொறுப்பையும் தருவது கோகோ வெண்ணெயின் படிகம். அது ஆறு வடிவங்களில் உறையக்கூடியது, அவற்றுள் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும் ஒரு வடிவமே விரும்பத்தக்கது. அந்த வடிவம் மட்டும் உறையும்படி வெப்பத்தை ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்தாவிட்டால் சாக்லேட் மங்கிப் பூத்துவிடும். வெள்ளைச் சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் மிகுதி என்பதால் விரைவில் கருகும். ஒரு துளி நீர் பட்டாலோ அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ள, குழம்பு முழுவதும் மணல்போல் இறுகிவிடும். குழந்தைகள் கை கழுவிவிட்டு ஈரத்தோடு வருபவர்கள் என்பதை நினைத்தால் இது எத்தனை முறை நிகழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைத் தவிர்க்கவே கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பனை விதைக் கொழுப்பு முதலியவற்றைச் சேர்த்த மேற்பூச்சு வில்லைகள் விற்கப்படுகின்றன. அவை பக்குவப்படுத்தாமலே உறையும், சுவையில் சாக்லேட்டுக்கு ஈடாகா.

மார்ஷ்மெல்லோவும் ஜெல்லிப் புழுவும் வேறொரு கேள்வியை எழுப்புகின்றன. இரண்டிலும் பொதுவாகச் சேர்க்கப்படும் ஜெலட்டின் பன்றி, மாடு ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினரும் முஸ்லிம்களும் யூதர்களும் அதை விலக்குவர். டொரண்டோ போன்ற நகரங்களில் ஹாலோவீனைத் தம் பிள்ளைகளுக்காக ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வினா எழக்கூடியதே. பெக்டின் சேர்த்த ஜெல்லி மிட்டாய்கள் கடைகளில் உண்டு. வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்குக் கடல்பாசி இருக்கிறது. ஜெலட்டின் கூழ் உடற்சூட்டிலேயே உருகிவிடும். கடல்பாசிக் கூழ் ஏறத்தாழ 85 டிகிரி வரை தாங்கும் என்பதால், அதில் வார்த்த புழு குழந்தையின் வெதுவெதுப்பான கைக்குள்ளும் வடிவம் குலையாது. இவ்வகையில் அதுவே மேலானது.

இனி, இப்பண்டங்கள் ஏன் அஞ்சத்தக்க உருவில் செய்யப்படுகின்றன என்பதைக் காண வேண்டும். இக்கேள்விக்கு உளவியலில் இரண்டு ஆய்வுத் தொடர்கள் விடை தருகின்றன. முதலாவது, அருவருப்பைப் பற்றியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசினும் அவருடன் பணியாற்றியோரும் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், நல்ல சாக்லேட் இனிப்பையே நாயின் மலத்தின் வடிவில் வார்த்துக் கொடுத்தபோது, அது இனிப்பு என்று தெரிந்தும் வயதுவந்தோர் அதை உண்ணத் தயங்கினர். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 16 மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுள் இளையோர், பெரியவர் அருவருக்கும் பொருள்களைக்கூட எளிதில் வாயில் வைப்பதைக் காட்டியது. தொட்டதால் தீட்டாகிவிட்டது என்ற உணர்வு ஏழு வயதை ஒட்டியே திடமாக உருவாகிறது. இவற்றைச் சேர்த்து நோக்கினால், மண் குவளையிலிருந்து ஜெல்லிப் புழுவை இழுத்து மெல்லும் நான்கு வயதுக் குழந்தை துணிவு எதையும் காட்டவில்லை, அதற்கு அது வெறும் இனிப்பே என்பதும், ஒன்பது வயதுப் பிள்ளை அதையே முகம் சுளித்துச் சிரித்து உண்பதில்தான் விளையாட்டு முழுமையாக நிகழ்கிறது என்பதும் தெளிவாகும். அருவருப்பு வகைப் பண்டங்கள் சிறு குழந்தைகளுக்கானவை என்ற பொதுக் கருத்து தலைகீழானது.

இரண்டாவது தொடர் தோற்றத்தையும் உண்மையையும் பற்றியது. இவ்வினாவுக்கு மிக நெருக்கமானதும் அதுவே. ரேட்டா டி விரீஸ் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குப் பழக்கப்படுத்தியபின், அதன் உடல் தெரியும்படியே தலைக்கு மட்டும் முரட்டு நாயின் முகமூடியை அணிவித்துக் காட்டினார். மூன்று வயதினருள் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டதாகக் கருதி விலகினர். ஐந்து, ஆறு வயதினர் முகமூடிக்குள் இருப்பது பூனையே என்றனர். முகமூடி மனிதர்கள் நிறைந்த ஹாலோவீன் இரவு சிறு குழந்தைக்கு ஏன் உண்மையிலேயே கடுமையானது என்பதற்கு இது விளக்கம். சமையல் மேசையில் நிகழ்வது இதற்கு நேர் எதிரானது. அங்கே குழந்தைக்குக் காட்டப்படுவது முடிந்த பேய் அன்று. முதலில் வாழைப்பழம், அதை உரித்தது அக்குழந்தை, கண்ணை ஒட்டியதும் அக்குழந்தை. பேய் எந்தக் கணத்தில் பேயாயிற்று என்பதை அதன் விரல்கள் அறியும். கண்ணைப் பிய்த்தெடுத்து மீண்டும் பழமாக்கவும் அவற்றால் முடியும். டி விரீஸின் ஆய்வு சமையலைப் பற்றியதன்று. எனினும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு விழா இரவுக்கு முன் இத்தகைய பண்டம் செய்யும் பிற்பகல் ஒன்று அமைவது நல்லது என்ற முடிவுக்கு அது வலுவான அடிப்படை தருகிறது. பெரியவர் செய்து முடித்து வியப்பூட்டும்படி மேசையில் வைக்கும் பேய்க்கு இந்தப் பயன் சிறிதும் இல்லை.

மெக்சிகோவின் இறந்தோர் நாள் விழாவை ஹாலோவீனோடு குழப்புவது தவறு. நவம்பர் முதலிரு நாள்களில் இறந்த உறவினரை அன்போடு வரவேற்கும் அவ்விழாவில் அச்சத்துக்கு இடமில்லை. ஆயினும் அடுப்பேறாமல் செய்யத்தக்க தொன்மையான மரண உருவம் அங்கேதான் உண்டு. ஈரமாக்கிய சர்க்கரையை அச்சில் அழுத்தி உலர்த்தி, வண்ணப் பாகால் பூவேலை செய்து, நெற்றியில் பெயர் எழுதப்படும் சர்க்கரை மண்டையோடு அது. டொலுகா நகரில் அதற்கென்றே சந்தை கூடுகிறது. இக்கலைக்கு அங்கே வழங்கும் 'அல்ஃபெனிகே' என்ற பெயர் அரபு, பாரசீகம் வழியே வடமொழியின் 'பாணிதம்' என்ற சொல்லிலிருந்து சென்றது. கருப்பஞ்சாற்றுப் பாகைக் குறித்த இந்தியச் சொல் மெக்சிகோவின் மண்டையோட்டில் வாழ்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சர்க்கரை குழந்தைகளைத் துள்ளவைக்கும் என்ற நம்பிக்கை இவ்விழாவையொட்டி ஆண்டுதோறும் ஒலிப்பது. மார்க் வோல்ரைச் குழுவினர் 1994இல் வெளியிட்ட சோதனையும், 1995இல் 23 ஆய்வுகளைத் தொகுத்து அவர்கள் செய்த மதிப்பீடும், சர்க்கரைக்கும் நடத்தைக்கும் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. மகன் சர்க்கரை உண்டதாகப் பொய்யாகச் சொல்லப்பட்ட தாய்மார்கள், அவன் உண்ணாதிருந்தும், துடுக்கு மிகுந்துவிட்டதாக மதிப்பிட்டதை 1994ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு காட்டியது. செயற்கை நிறங்களின் நிலை வேறு. 2007ஆம் ஆண்டின் சவுத்தாம்டன் ஆய்வு சில நிறமிக் கலவைகளுக்கும் குழந்தைகளின் அமைதியின்மைக்கும் தொடர்பு கண்டதால், 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறமிகள் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. பரங்கி விழுதும் பசலைச் சாறும் அவுரிநெல்லியும் தரும் நிறங்கள் மங்கலானவை. பேய்க்கு அவை போதும். சர்க்கரை துள்ளலுக்குக் காரணமில்லை என்பதால் அது தீங்கற்றதாகிவிடாது: 2 முதல் 18 வயது வரையினருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016ஆம் ஆண்டு அறிவித்தது. தாமே சேர்ந்து சமைத்த உணவைக் குழந்தைகள் கூடுதலாக உண்கின்றனர் என்று 2014ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து ஆய்வொன்று 6 முதல் 10 வயதினரிடம் கண்டது. காய்கறி சமைப்பதற்கு ஆதரவாக மேற்கோள் காட்டப்படும் இம்முடிவு இனிப்புக்கும் பொருந்துமாயின், பழங்களைப் பேயாக்குவதற்கு அதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

ஓவனைத் தவிர்த்ததால் ஆபத்து அனைத்தும் நீங்கிவிட்டது என்று கருதுவது இத்துறையின் பெரிய பிழை. சுடும்போது அழியும் நுண்ணுயிர்கள் சுடாதபோது அழிவதில்லை. பச்சை மாவில் ஈ.கோலை பாக்டீரியா இருக்கக்கூடும். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் பரவிய ஈ.கோலை நோய், சுடுவதற்கென விற்ற பிஸ்கட் மாவைப் பச்சையாக உண்டதால் வந்ததெனக் கண்டறியப்பட்டது. ஆகவே கோதுமை மாவும் பச்சை முட்டையும் சேரும் குறிப்புகளை நீக்கிவிட வேண்டும். மாவை வீட்டில் வறுத்துப் பாதுகாப்பாக்கும் முறையையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்கவில்லை. தட்டிய ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வேகவைக்கப்படுவதால் மாவுக்கு நல்ல மாற்று. நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு முழுக்கொட்டை, முழுத்திராட்சை, சோளப்பொரி, கெட்டி மிட்டாய், மார்ஷ்மெல்லோ ஆகியவை தொண்டையில் சிக்கக்கூடியவை. அவர்களின் பேய்க்குக் கண்ணாக உலர்திராட்சையின் சிறு துணுக்கே தகும். 'நச்சற்றது' என்று மட்டும் அச்சிட்ட மினுக்குப் பொடி உண்பதற்குரியதன்று. 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும் உட்பொருள்களின் பட்டியலும் உறையில் இருக்க வேண்டும். பானத்தில் புகை எழுப்பும் உலர்பனி மைனஸ் 78.5 டிகிரி குளிருடையது, விழுங்கினால் உள்ளுறுப்பைப் புண்ணாக்குவது; குழந்தைகள் உள்ள மேசையில் அதற்கு இடமில்லை. நிலக்கடலை, பால், கோதுமை, எள் முதலிய ஒவ்வாமைகளை முன்பே கேட்டறிதல் விருந்தழைப்பவரின் கடமை. அத்தகைய குழந்தைகளுக்காக உணவல்லாத பரிசுகள் இங்குண்டு என்று நீலப்பச்சை வண்ணப் பரங்கிக்காயை வாசலில் வைக்கும் வழக்கம் 2014 முதல் அமெரிக்கா எங்கும் பரவியுள்ளது.

இவை அனைத்தையும் வைத்துப் பார்க்கும்போது, குழந்தையோடு செய்யும் பண்டத்தைத் தேர்வதற்குரிய அளவுகோல் செய்யும் நேரமும் அன்று, முடிவின் அழகும் அன்று. செய்முறையில் எத்தனை படிகள் குழந்தையின் கையால் நிகழ்கின்றன என்பதே. அதன்படி முதல் நிலைப் பண்டங்களே இவ்வகையின் சிறந்தவை. உருட்டும் பண்டங்கள் அடுத்தவை. தோய்க்கும் பண்டங்களை எட்டு, ஒன்பது வயது வரை தள்ளிப்போடலாம். மூன்று வயதில் உரிக்கவும் ஒட்டவும், ஐந்தில் மசிக்கவும் உருட்டவும், ஏழில் அளக்கவும் மழுங்கிய கத்தியால் நறுக்கவும் கொடுத்து, ஒட்டிய கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தாலும் பெரியவர் அதைத் திருத்தாதிருக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த சிறிது நேரத்தில் கறுக்கத் தொடங்கும் என்பதால், பேய்களின்மேல் எலுமிச்சைச் சாற்றை லேசாகத் தடவி, உண்ணும் நேரத்துக்குச் சற்று முன்னரே செய்வது நல்லது.